எத்தனை அடி ஓடியது

என் கணவன் ஸ்தூரே பதினோரு வருஷம் ஒரு துப்பாக்கிக் குண்டோடு குடித்தனம் நடத்தினான். அதே வீட்டில் இல்வா என்கிற நானும் இருக்கிறேன் என்பது அவனுக்கு அவ்வப்போது ஞாபகம் வரும். சாப்பிடும்போது உப்பை எடுத்துக் கொடு என்றால் குண்டின் மூக்கு இன்னும் கொஞ்சம் கூராக இருக்கலாம் என்பான். இதெல்லாம் ராணுவ ரகசியம், வெளியே மூச்சு விடாதே என்று ஆரம்பித்துத்தான் எல்லாவற்றையும் சொல்வான். எங்கள் மகள் சிக்னேயின் பள்ளி விழாவில்கூடப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் செம்பைப் பற்றிப் பேசியே அவரைத் தூங்க வைத்துவிட்டான். நான் அந்தப் பள்ளியில்தான் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எங்கள் ஊர் பிளெக்ஹுல்டில் ஏரிக்கரையோரமாக ராணுவ ஆராய்ச்சிக்கூடம். மற்ற மூன்று பக்கமும் காடு. ஊரில் பாதிப் பேருக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அக்டோபரில் எல்க் மான் வேட்டை தொடங்கிவிட்டால் ஊர் மொத்தமும் காட்டில் இருக்கும். அந்த முதல் வாரத்தில் யாராவது சுவீடன் மேல் படையெடுத்து வந்தால் ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் தடுக்கக்கூட ஆள் கிடையாது. காவலாளியும் துப்பாக்கியோடு ஏதாவது ஒரு பரணில் உட்கார்ந்திருப்பான்.

ஸ்தூரேயின் குண்டு ராணுவத்துக்கானது. ஈயம் கலக்காத, முழுக்கச் செம்பாலான குண்டு. ஏன் ஈயம் கூடாது என்றால், பயிற்சியில் சுட்ட குண்டுகளின் ஈயம் மண்ணில் கிடந்து ஏரிக்குள் கசிகிறதாம், அன்னங்களுக்கு ஆகவில்லையாம். ஆளைச் சுடலாம், அன்னத்துக்குத் தலைவலி வரக்கூடாது. சரி, அரசாங்கம் கேட்டது, இவன் செய்தான்.

ஆனால் ராணுவக் குண்டுக்கு இன்னொரு விதியும் இருக்கிறது. உடம்புக்குள் போனதும் அது விரியக்கூடாது. போன வடிவத்திலேயே மறுபக்கம் வெளியே போக வேண்டும். விரியும் குண்டு உள்ளே இருப்பதையெல்லாம் கிழித்துவிடும், அது கொடூரம் என்று நூறு வருஷத்துக்கு முன்பே நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. எல்க் வேட்டைக்கோ நேர் எதிர்ச் சட்டம். குண்டு உள்ளே போனதும் விரிந்தே ஆக வேண்டும். விரியாவிட்டால் மிருகம் உடனே சாகாமல் ஓடிக்கொண்டே இருக்கும், அது கொடூரம். ராணுவக் குண்டால் எல்கைச் சுட்டால் உரிமத்தைப் பறித்துக்கொள்வார்கள். வேட்டைக் குண்டால் மனிதனைச் சுட்டால் அது போர்க்குற்றம். இந்த இரண்டு சட்டத்தோடும் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு இதில் ஒன்றும் விசித்திரமாகத் தெரிந்ததில்லை.

வேட்டை முடிந்து வருகிறவனிடம் எங்கள் ஊரில் ஒரே கேள்விதான். எடை என்ன, கொம்பில் எத்தனை கிளை என்றெல்லாம் வெளியூர்க்காரன் கேட்பான். நாங்கள் கேட்பது, எத்தனை அடி ஓடியது? அதாவது குண்டு பட்ட பிறகு. நாற்பது, ஐம்பது அடி என்றால் தலையை ஆட்டுவார்கள். இருநூறு என்றால் பேச்சை மாற்றுவார்கள். ஓரடிகூட ஓடவில்லை, நின்ற இடத்திலேயே விழுந்தது என்றால் எழுந்து வந்து கை கொடுப்பார்கள். இதில் பொய் சொன்னவன் எங்கள் ஊரில் கிடையாது. பொண்டாட்டியிடம் பொய் சொல்வார்கள், வரி கட்டுவதில் சொல்வார்கள், இதில் மாட்டார்கள்.

முந்தின வருஷம் ஸ்தூரே சுட்ட பெண் எல்க் ஓடியே போய்விட்டது. குண்டு பிசகாகப் பட்டிருந்தது. அடிபட்ட மிருகத்தைக் கண்டுபிடித்து அதன் வலியை முடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது, அதுதான் விதி. வேட்டைக் குழு முழுக்க நாயை விட்டுக்கொண்டு சேற்றிலும் மழையிலும் தேடி, மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். அது அப்போதும் உயிரோடு இருந்தது. வேட்டைத் தலைவர் ஹோல்கர் எழுபதைத் தாண்டியவர், கத்திப் பேசாத மனிதர். இன்னொரு தடவை இப்படி ஆனால் அடுத்த வருஷம் நீ துப்பாக்கி கொண்டுவர வேண்டாம், காப்பி போடு போதும் என்று சொன்னார். ஸ்தூரே அன்றிரவு சாப்பிடவில்லை. குளிர்காலம் முழுக்க அவன் கடைத்தெருப் பக்கம் போகாமல் என்னையே பால் வாங்க அனுப்பினான்.

ஆகவே அந்த அக்டோபரில் அவனுக்கு இரண்டு பரீட்சைகள் இருந்தன. ஒன்று, எல்க். மற்றது, வேட்டை வாரம் முடிந்த திங்கட்கிழமை ஸ்டாக்ஹோமிலிருந்து வரப்போகும் சட்டக்குழு. புது ஆயுதம் எதுவானாலும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டதுதானா என்று அவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ராணுவத்துக்குப் போகும். அதில் ஸ்தூரேக்குப் பயமே இல்லை. மனித சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டிகளை வைத்து ஆயிரக்கணக்கில் சுட்டிருந்தான். ஒன்றுகூட விரியவில்லை. கோடையில் சிக்னே கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஞாயிறுதோறும் போன் பண்ணுவாள், முதல் கேள்வியே குண்டைப் பற்றித்தான் இருக்கும். என் அப்பா செய்த குண்டு வரப்போகிறது என்று கூட இருந்த பிள்ளைகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வசந்த காலத்தில் உன் கைக்கு வந்துவிடும் என்று இவன் சொல்லுவான். சொல்லும்போது அவன் குரலே மாறிப் போகும்.

வேட்டைக்கு முந்தின நாள் ஆராய்ச்சிக்கூடத்துச் சுடுதளத்துக்குப் போய்த் தன் வேட்டைத் துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்துவிட்டு வந்தான். ராணுவத் தோட்டாவும் அவன் வேட்டைத் தோட்டாவும் ஒரே அளவு, அதே துப்பாக்கியில் போகும். கை சும்மா இருக்குமா? தன் புதுக் குண்டு வைத்த தோட்டா சிலவற்றையும் அதிலேயே போட்டுப் பார்த்திருக்கிறான். மிச்சத்தைக் கோட்டுப் பையில் போட்டிருக்கிறான், அதை மறந்தும் இருக்கிறான். மறுநாள் விடிவதற்குள் பரணில் ஏறி, கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு, அதே பையிலிருந்து எடுத்துத் துப்பாக்கியில் போட்டிருக்கிறான். இரண்டும் செம்பு. வேட்டைக் குண்டின் முனையில் சின்ன ஓட்டை இருக்கும், அவன் குண்டுக்கு இருக்காது. கையுறைக்கு அது எங்கே தெரியப்போகிறது?

எனக்கு முழங்கால் வலி, பரண் ஏற மாட்டேன். குழுவில் என் வேலை கொட்டகையில் தோலை உரித்து இறைச்சியைப் பிரிப்பது. காலையில் ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கியில் ஹோல்கரின் குரல் வந்தது. "பெரிய ஆண் எல்க். ஸ்தூரே. ஓரடிகூட இல்ல." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்? ஒரு குளிர்காலம் முழுக்கப் பால் வாங்கினவள் நான்.

எல்கைக் கொட்டகைக்கு இழுத்து வந்தார்கள். ஆண்கள் காப்பியும் லவங்கப்பட்டை ரொட்டியுமாக வெளியே நின்று ஸ்தூரேயின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தோலை உரித்துக்கொண்டு வந்தேன். தோள்பட்டை எலும்பு தூளாகியிருந்தது. எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் கையில் தட்டுப்பட்டது குண்டு. எடுத்துக் கழுவினேன். பூ மாதிரி விரிந்திருந்தது. ஆறு இதழ்களும் ஒழுங்காகப் பின்னால் மடங்கியிருந்தன. இத்தனை வருஷத்தில் அவ்வளவு அழகாக விரிந்த குண்டை நான் பார்த்ததில்லை.

திருப்பிப் பார்த்தேன். அடியில் பச்சை வளையம் இருந்தது.

அந்தப் பச்சை வளையத்தை எனக்குத் தெரியாதா? சோதனைக் குண்டுக்கு என்ன வண்ணத்தில் அடையாளம் போடலாம் என்று இவன் என் சமையலறைச் சுவரில்தானே வண்ணம் தடவிப் பார்த்தான்? அந்தக் கறை இன்னும் போகவில்லை. இவன் வேட்டைக் குண்டால் சுடவில்லை. பதினோரு வருஷமாக விரியவே விரியாது என்று சத்தியம் பண்ணின குண்டால் சுட்டிருக்கிறான், அது விரிந்திருக்கிறது.

அதற்குள் ஹோல்கர் உள்ளே வந்து என் கையிலிருந்து குண்டை வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் பச்சையையும் கறுப்பையும் பிரித்துப் பார்க்க முடியாதவர். அவர் பார்த்தது இதழ்களைத்தான். இது எந்தக் கடையில் கிடைக்கிறது என்று ஸ்தூரேயைக் கூப்பிட்டுக் கேட்டார். உள்ளே வந்த ஸ்தூரே குண்டைப் பார்த்தான், பேயறைந்த மாதிரி நின்றான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கொட்டகை உத்தரத்தில் ஒரு கம்பி ஓடுகிறது. எல்கின் உடம்பில் கிடைக்கிற குண்டுகளை, சுட்டவன் பெயர் எழுதிய மரத்துண்டோடு அதில் தொங்கவிடுவது குழுவின் வழக்கம். ஹோல்கர் தன் கையாலேயே அதை நடுவில் தொங்கவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"உன் குண்டுதானே அது?"

"ஆமா."

"ஜெலட்டின்ல விரியவே இல்லேன்னு சொன்னே."

"ஜெலட்டின்ல விரியலதான். எலும்பு வெச்சும் சுட்டுப் பாத்தோம். விரியல."

"என்ன எலும்பு?"

"பிளாஸ்டிக். நிஜ எலும்பு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதே, இல்வா. சோதனைன்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்."

"அப்ப பதினோரு வருஷமா ஒரே மாதிரி இருக்கற ஆளுங்களையாப் பாத்துச் சுட்டுக்கிட்டிருந்தீங்க?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கனம் குறைவதற்காகக் குண்டின் மூக்குக்குள் சின்ன வெற்றிடம் விட்டிருந்தானாம். நிஜ எலும்பில் மோதி மூக்கு நசுங்கினதும் அங்கிருந்து பிளந்திருக்கிறது என்று தட்டிலிருந்த உருளைக்கிழங்கை நசுக்கிக் காட்டினான். பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தான். ஒரே ஒரு எல்க் எதற்கும் ஆதாரம் ஆகாது. எல்க் மனுஷன் இல்லை. அந்தத் தோள்பட்டை எலும்பு என்ன கனம், மனுஷனுடையது என்ன கனம்? அவனே சொல்லிக்கொண்டே போய் நடுவில் நிறுத்திவிட்டான்.

மறுநாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கொட்டகைக்குப் போனான், கம்பியிலிருந்த குண்டைக் கழற்றிவிட்டுத் தன் பழைய வேட்டைக் குண்டு ஒன்றை மாட்டிவிடலாம் என்று. போனால் ஹோல்கர் அங்கே இருக்கிறார், பக்கத்தில் பத்திரிகைக்காரர். எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் வேட்டை வாரத்துக்கென்றே ஒரு பக்கம் வரும். வந்தவர் கோத்தென்பர்க் நகரத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர். எடை கேட்டார், கொம்பில் கிளைகளை எண்ணினார். ஓடினதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. குண்டை ஸ்தூரே கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார். இவன் சிரித்தான். புத்தியோடு இதழ்களை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்தான். ஆனால் புத்தி பாதிதான் வேலை செய்தது. குண்டின் அடிப்பக்கம் மேலே தெரிந்தது. வியாழக்கிழமை பத்திரிகையில் முழு வண்ணத்தில் அந்தப் பச்சை வளையம் வந்தது.

படம் எடுத்து அவர்கள் போனதும் குண்டைத் தன் பையில் போட்டுக்கொண்டான். கம்பியில் பழையதை மாட்டினான். ஆகவே விரிந்த குண்டைக் கண்ணால் பார்த்தவர்கள் நானும் ஹோல்கரும் குழுவும் அந்தப் பத்திரிகைக்காரரும்தான். எங்கள் குழுவில் இவனைத் தவிர யாரும் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் இல்லை. பச்சை வளையத்தின் அர்த்தம் அவர்களுக்குத் தெரியாது.

அந்த வார இறுதியில் எங்கள் வீட்டில் ஒரு நாடக ஒத்திகை நடந்தது. சட்டக்குழுவின் தலைவி ஏரிக்கரை விடுதியில்தான் தங்குவார், காலைச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பத்திரிகை கிடக்கும், பார்த்தால் வளையத்தைக் கண்டுபிடித்துவிடுவார். சோதனைத் தோட்டாவை வெளியே எடுத்துப் போனதற்குத் திட்டு விழும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். விரிந்ததா என்று கேட்டால்? இல்லை என்று சொல்ல வேண்டும். குண்டு எங்கே? மறுபக்கம் வழியாகப் போய்ச் சேற்றில் விழுந்தது, படத்தில் இருந்தது வேறொன்று, காட்சிக்காக. எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்தத் தலைவி வடக்கே யொக்மொக் பக்கத்துக்காரர், சின்ன வயதிலிருந்து வேட்டையாடுகிறவர் என்று கேள்வி. அவர் ஒரே ஒரு கேள்வியில் விஷயத்தைப் பிடித்துவிடுவார். விரியாத குண்டு பட்ட எல்க் நின்ற இடத்தில் விழாது. எத்தனை அடி ஓடியது என்று அவர் கேட்டால், அது ஓடியது என்று சொல்லியாக வேண்டும்.

நான் தலைவியாக உட்கார்ந்தேன். எத்தனை அடி ஓடியது என்று கேட்டேன். "முந்நூறு," என்றான். விளக்கெண்ணெய் குடித்தவன் மாதிரி இருந்தது முகம். மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னான். அவன் பொய் சொல்ல வேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன். அந்தக் குண்டு என் வீட்டை விட்டு எங்கேயாவது போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிக்னே போன் பண்ணினாள். நாளைக்குத்தானே அப்பா, கையெழுத்தானதும் சொல்லு என்றாள். சொல்கிறேன் கண்ணு என்றான் இவன். போனை வைத்த பிறகு, நான் கேட்காமலேயே, "முந்நூறு," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பள்ளியில் எனக்குப் பாடமே ஓடவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வாசல் படியில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"பத்திரிகையப் பாத்துட்டாங்களா?"

"எங்க நானூறு பக்க அறிக்கை மேலயே வெச்சிருந்தாங்க."

"விரிஞ்சுதான்னு கேட்டாங்களா?"

"அதெல்லாம் கேக்கல. அறிக்கையப் பிரிக்கக்கூட இல்ல. படத்தைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. எத்தனை அடி ஓடிச்சுன்னாங்க."

"நீ முந்நூறுன்னியா?"

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த அறையில எங்க பிரிவு பெங்ட் இருந்தான், ஆராய்ச்சிக்கூடத்து இயக்குநர் இருந்தார், சுடுதளத்துப் பசங்க எல்லாரும் இருந்தாங்க. எல்லாரும் பக்கத்துக் காட்டுல வேட்டைக்குப் போறவங்க. அத்தனை பேரும் என் வாயையே பாக்கறாங்க. முந்நூறுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இல்வா. சத்தியமா."

"சொல்லித் தொலை."

"ஓரடிகூட இல்ல, நின்ன இடத்துலயே விழுந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். பிறகு நடந்ததையும் அவனே சொன்னான். அந்த அம்மா எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவனுக்குக் கை கொடுத்து வாழ்த்தினாராம். அறையிலிருந்த எல்லோரும் கை கொடுத்தார்களாம். இயக்குநர் தோளைத் தட்டினாராம். எல்லோரும் திரும்பப் போய் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்களாம். அந்த அம்மா பேனாவை எடுத்துக் குண்டை நிராகரித்து இரண்டே வரி எழுதினாராம். படத்தில் இருந்த குண்டையும் காட்டு என்றாராம். அதையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"கை குடுத்தப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு," என்றான் ஸ்தூரே. "அதுதான் கேவலம்."

சிக்னேக்கு யார் சொல்வது என்று எங்களுக்குள் சண்டை வந்தது. கடைசியில் நான்தான் சொன்னேன்.

சோதனைத் தோட்டாவை வெளியே எடுத்துப் போனதற்குத் தண்டனை உண்டு. இயக்குநர் கடுமையாக முகத்தை வைத்துக்கொண்டு அவனை மூன்று வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். வேட்டைக் காலத்தில் மிச்சமிருந்தது அந்த மூன்று வாரம்தான். எங்கள் நாட்டில் தண்டனை என்றால் இப்படித்தான் கொடுப்பார்கள். ஹோல்கரிடம் ஸ்தூரே நேராகப் போய் நடந்ததைச் சொன்னான். அவர், குண்டு விரிந்ததல்லவா, வேட்டைச் சட்டப்படி உன் மேல் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் கம்பியில் பொய்க் குண்டை மாட்டினதை அவரால் மன்னிக்க முடியவில்லை. அதற்காக வேட்டை முடியும்வரை காப்பி இவன்தான் போட்டான்.

குண்டு சும்மா போகவில்லை. ராணுவம் வேண்டாமென்று சொன்னதை வேட்டைத் தோட்டா செய்கிற கம்பெனி ஒன்று ஓடிவந்து வாங்கிக்கொண்டது. மூக்கில் ஒரு ஓட்டை போட்டார்கள், அவ்வளவுதான் மாற்றம். விலங்குகளிடம் கருணை காட்டும் சங்கம் ஒன்று அதற்கு விருது கொடுத்தது. விழாவில் ஸ்தூரே டை கட்டிக்கொண்டு போய் நின்றான். இந்த நாட்டின் மிருகங்கள் உங்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன என்று அந்தச் சங்கத் தலைவர் மேடையில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுகிற மாதிரி வெளியே போய்விட்டேன். ராணுவத்துக்கு வேறு குழு செய்த வேறு குண்டு போனது. நல்ல குண்டு, சாது. போகும், மறுபக்கம் வரும், உள்ளே யாரையும் தொந்தரவு செய்யாது.

அடுத்த அக்டோபரில் சிக்னே விடுப்பில் வந்தாள். பயிற்சி முடிந்து ராணுவத்திலேயே தங்கிவிட்டாள், எங்களைக் கேட்கவில்லை. வேட்டைக்குப் பரீட்சை எழுதி உரிமமும் வாங்கியிருந்தாள். மறுநாள் முதல் வேட்டை. சாப்பாட்டு மேசையில் ஸ்தூரே தன் குண்டு வைத்த தோட்டாப் பெட்டி ஒன்றை அவள் முன்னால் வைத்தான். பெட்டி மேல் எல்க் படம் போட்டிருந்தது. அவள் அதில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள்: உடனடியாக, துன்பமின்றி. படித்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்களுக்கு இப்படியெல்லாம் கிடையாது," என்றாள். "குண்டு பட்டா சின்ன ஓட்டைதான் விழும், பயப்படாம கட்டிக்கிட்டு எழுந்து வந்துடுங்கன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அதுக்குத்தான் அந்தச் சட்டமே," என்றான் ஸ்தூரே. "எல்க் எழுந்திருக்கக் கூடாது. நீ எழுந்து வரணும்."

அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அந்த அம்மா கை கொடுத்துவிட்டு எழுதின இரண்டு வரி எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாக ஸ்டாக்ஹோம் பக்கம் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

சிக்னே உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே, போர் வந்தால் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன்னைச் சுடப்போகிறவர்களும் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். போட்டிருக்கிறார்கள் என்றான். அங்கேயும் உன்னை மாதிரி ஒருத்தர் இருப்பாரா, ஜெலட்டினைச் சுட்டுக்கொண்டு? இருப்பார் என்றான். அவர்கள் எலும்பும் பிளாஸ்டிக்தானா? அநேகமாக ஒரே கம்பெனியில்தான் வாங்குகிறோம் என்றான் ஸ்தூரே.

ஊருக்கே தெரிந்த கதை அவளுக்கும் தெரியும். அந்த அறையில் அப்பா என்ன சொல்லப் போனான், என்ன சொன்னான், ஏன் சொன்னான் என்பதெல்லாம்.

"அங்க எல்க் உண்டா, அப்பா?"

"உண்டு. நம்மளவிட ஜாஸ்தி."

"அப்ப சரி. அங்கயும் யாராவது எத்தனை அடி ஓடிச்சுன்னு கேப்பாங்க," என்று சொல்லிவிட்டுக் குழம்பை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

ஸ்தூரேயின் கரண்டி அப்படியே நின்றது. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எதையோ கணக்குப் போடுகிறவன் மாதிரி உதடு அசைந்தது. நான் எழுந்து குழம்புப் பாத்திரத்தை எடுத்து வந்து சிக்னேயின் தட்டில் ஊற்றினேன். போதும் அம்மா என்றாள். போதும் என்று அவள் சொன்ன பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.